ஒட்டிய வழியே பிரிக்கும் வழி: பசைகளைப் பற்றி ஒரு தொடக்கப் பாடம்

காரைக்குடியில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு தேக்குக் கைப்பெட்டி இருக்கிறது. கணக்கு எழுதுகிறவர் தரையில் அமர்ந்து, சாய்வான மூடியின் மேல் பேரேட்டை விரித்து எழுதுவதற்காகச் செய்யப்பட்ட பெட்டி அது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் பின்பக்க மூலை இணைப்பு விட்டுப்போனபோது, கடையில் வாங்கிய உடனடிப் பசையை அந்த இடைவெளியில் ஊற்றி இறுக்கிப் பிடித்தேன். ஒரு நிமிடத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதத்தில் மறுபடியும் விட்டது. இந்த முறை இணைப்பின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. மரத்தின் இழைகளுக்குள் கண்ணாடிச் சில்லுபோலப் பசை இறுகிக் கிடந்தது. பெட்டியைப் பார்த்த ஆசாரி, "தம்பி, இது வச்சிரம் போட்ட பெட்டி. வெந்நீர்த் துணியச் சுத்தி வச்சிருந்தா பழசு தானா எளகியிருக்கும், அது மேலயே புது வச்சிரம் போட்டிருக்கலாம். இப்ப நீங்க ஊத்துனத எடுக்கிறதுதான் வேல" என்றார். வச்சிரம் என்பது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பழைய மரப்பசை. நான் ஊற்றிய உடனடிப் பசையைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

பசைகளைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதற்பாடம் அதுதான். எந்தப் பசை வலிமையானது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் கடைக்குப் போகிறோம். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு இரண்டு இருக்கின்றன. இந்தப் பசை எப்படி இறுகுகிறது? நாளைக்கு இதைப் பிரிக்க நேர்ந்தால் எப்படிப் பிரிப்பது? சற்று யோசித்தால், இரண்டுக்கும் விடை ஒன்றே என்பது தெரியும். பசை எந்த வழியில் இறுகியதோ, பெரும்பாலும் அந்த வழியைத் திருப்பி நடந்தால்தான் அது இளகும். திருப்பி நடக்க முடியாத வழியில் இறுகும் பசைகளும் உண்டு. அவற்றை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று தெரிந்துகொள்வதே கைவேலை செய்யத் தொடங்குகிறவருக்கு முக்கியமான பயிற்சி.

திரவமாகப் படர்ந்து திடமாக நிற்பது

பசை என்பது போடும்போது திரவமாகவும் பிறகு திடமாகவும் இருக்கும் பொருள். திரவமாக இருக்கும் நேரத்தில் அது பரப்பின் மேல் நன்றாகப் படர வேண்டும். நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. அவற்றுக்குள் எல்லாம் இறங்கி, பொருளின் மூலக்கூறுகளை நெருங்கித் தொட்டால்தான் பிடிப்பு கிடைக்கும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்வது இதற்கு எதிரான நிலையை. இலையின் மெழுகுப் பரப்பில் நீர் படராமல் உருண்டு நிற்பதைப் போலவே, சில பிளாஸ்டிக்குகளின் மேல் பசையும் உருண்டு நிற்கும்; காய்ந்த பிறகு நகத்தால் தட்டினாலே பெயர்ந்துவிடும்.

ஒட்டப்போகும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது எளிய சோதனை. படர்ந்தால் பசையும் பெரும்பாலும் படரும். முத்தாக நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ மெழுகோ இருக்கலாம், அல்லது பொருளின் இயல்பே அப்படி இருக்கலாம். பிசுக்கு என்றால் சோப்பு நீரால் கழுவிக் காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். பொருளின் இயல்பு என்றால் வேறு வழி தேட வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2, 4 ஆகியவை பாலிஎத்திலீன், 5 பாலிபுரொப்பிலீன். இந்த மூன்று எண்களில் ஒன்று இருந்தால், வீட்டில் கிடைக்கும் சாதாரணப் பசை எதையும் நம்ப வேண்டாம். பசைக் குப்பிகளின் மூக்கும் மூடியும் பெரும்பாலும் இந்த வகைப் பிளாஸ்டிக்கில் செய்யப்படுவதற்கும் இதுவே காரணம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே கவனித்துவிட வேண்டும். ஒட்டிய இணைப்பின் மேல் விசை எந்தத் திசையில் வருகிறது என்பது பசையின் பெயரைவிட முக்கியம். இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பக்கவாட்டில் சறுக்கப் பார்த்தால், ஒட்டிய பரப்பு முழுவதும் சேர்ந்து தாங்கும். ஓரத்தில் பிடித்து வாழை நாரை உரிப்பதுபோல இழுத்தால், அந்த நேரத்தில் விசையைத் தாங்குவது விளிம்பில் உள்ள ஒரு மெல்லிய கோடு மட்டுமே. அதனால்தான் உறுதியான பசையும் உரிப்புக்குத் தோற்றுவிடுகிறது. கடினமாக இறுகும் பசைகள் இதில் இன்னும் மோசம். ரப்பர் போல வளையும் பசைகள் ஓரளவு தாங்கும்.

நீர் விலகி இறுகுபவை

நம் ஊரின் பழைய பசைகள் பெரும்பாலும் இந்த வகை. மைதாவைக் காய்ச்சிய பசை, புளியங்கொட்டைப் பசை, கருவேலம் பிசின், வச்சிரம் ஆகிய எல்லாவற்றிலும் நீர் ஆவியாகியோ உறிஞ்சப்பட்டோ போனபின் எஞ்சுவது பிடித்துக்கொள்கிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகையின் மேல் துணி ஒட்டப் புளியங்கொட்டைப் பசையைப் பயன்படுத்தும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மைதாப் பசையைப் பூச்சி தின்னாமல் இருக்கச் சிறிது மயில்துத்தம் கலப்பார்கள். மயில்துத்தம் நஞ்சு என்பதால் குழந்தைகள் செய்யும் வேலைக்கு அதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

வச்சிரம் என்பது விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் புரதப் பசை. கட்டிகளாகவோ மணிகளாகவோ கிடைக்கும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, நேரடித் தீயில் காட்டாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் இளக்க வேண்டும். அதற்கு மேல் வெகுநேரம் காய்ந்தால் புரதம் சிதைந்து பிடிப்புக் குறையும். இறுகிய வச்சிரம் ஈரமும் வெப்பமும் பட்டால் மீண்டும் இளகும். புதிய வச்சிரத்தின் சூடு பழைய வச்சிரத்தையும் எழுப்பித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பழைய மரச்சாமான்களை நூறு ஆண்டுகளாகப் பழுது பார்த்துக்கொண்டே வர முடிந்ததற்கு இந்தக் குணம் ஒரு பெரிய காரணம். ஆசாரி என்னிடம் வருந்திச் சொன்னதும் இதைத்தான்: உடனடிப் பசை மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிட்ட பிறகு வச்சிரம் போய்ப் பிடிக்க இடமில்லை.

இன்றைக்குத் தச்சுப் பட்டறைகளில் வச்சிரத்தின் இடத்தைப் பிடித்திருப்பது வெள்ளைப் பசை. 1959இல் சந்தைக்கு வந்த ஃபெவிகால் என்ற பெயராலேயே நாம் அந்த வகை முழுவதையும் அழைக்கிறோம். பாலிவினைல் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய துகள்கள் நீரில் மிதப்பதால் அது பால்போல வெளுத்திருக்கிறது. நீர் மரத்துக்குள் இழுக்கப்பட்டு ஆவியானதும் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று கலந்து, நிறமற்ற படலமாகின்றன. ஆகவே ஒட்டப்படும் இரண்டில் ஒன்றாவது நீரை உறிஞ்சும் பொருளாக இருக்க வேண்டும். மரம், அட்டை, துணி, காகிதக்கூழ், சுட்ட மண், தெர்மகோல் மேல் காகிதம் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவே போட்டால் நீர் வெளியேற வழியின்றி வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

மரத்துக்கு இந்தப் பசையைவிட நல்லது வேண்டியதில்லை என்பது என் கருத்து. இரு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, கிளாம்ப் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இறுக்கி வைத்து, ஒரு நாள் முழுவதும் சுமை ஏற்றாமல் விட்டால், பிறகு உடைக்கப் பார்க்கும்போது பசைக்கு முன் மரமே பிளக்கும். தேக்கில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் பெட்டிகளும் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. தேக்கின் இயற்கை எண்ணெய்தான் அதைக் கரையானிடமிருந்து காக்கிறது. அதே எண்ணெய் பசையையும் தள்ளிவிடும். ஒட்டுவதற்குச் சற்று முன் உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பரப்பைத் திறந்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் பசையைத் தடவ வேண்டும். மறுநாள் வரை விட்டால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

பிரிப்பதற்கும் இந்த வகைதான் எளிது. மைதாப் பசையும் பிசினும் ஈரத்துணியிலேயே இளகும். வெள்ளைப் பசைக்கு வெந்நீரோடு சிறிது வினிகர் சேர்த்து, துணியை நனைத்து இணைப்பின் மேல் சுற்றி, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். உள்ளே ஆழமாக இருந்தால் சிரிஞ்சால் அந்த நீரை இடுக்கில் செலுத்தலாம். நீர் புகாத வகை என்று விற்கப்படும் வெள்ளைப் பசைகள் இவ்வளவு எளிதில் இணங்கா. அவற்றுக்கு ஹேர் டிரையரின் வெப்பமும் தேவைப்படும்.

வெப்பம் இதைப் பிரிக்கும் என்பதால் வெப்பமே இதற்கு எதிரியும் ஆகிறது. சித்திரை வைகாசியில் இங்கே நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. தொடர்ந்து சுமை தாங்கும் இணைப்பில் வெள்ளைப் பசை அந்த வெப்பத்தில் மெல்ல மெல்ல நகரக்கூடும். வெயில் படும் தாழ்வாரத்தில் தொங்கவிடும் பொருளுக்குப் பசையோடு ஒரு மரமுளையும் சேர்த்து அடிப்பது நல்லது.

கரைப்பான் விலகி இறுகுபவை

செருப்புத் தைப்பவரிடம் மஞ்சள் நிறத்தில் கெட்டியாக இருக்குமே, அந்தப் பசை செயற்கை ரப்பரை டொலுவீன் போன்ற கரைப்பானில் கரைத்தது. இதைப் போடும் முறை மற்றவற்றுக்கு நேர்மாறானது. இரண்டு பரப்பிலும் தடவி, உடனே சேர்க்காமல், விரலால் தொட்டால் ஒட்டாத அளவு காயும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, அதன் பிறகே சேர்த்து அழுத்த வேண்டும். சேர்த்த கணமே பிடித்துவிடும். நகர்த்திச் சரிசெய்ய வாய்ப்பில்லை. தோல், ரப்பர், ஃபோம், மைக்கா போன்ற நெகிழ்வான அல்லது அகலமான பொருள்களுக்கு இதுதான் ஏற்றது, ஏனெனில் இறுகிய பிறகும் ரப்பர் ரப்பராகவே வளைந்து கொடுக்கிறது. பிரிக்க வேண்டுமானால் தின்னரோ டர்பன்டைனோ விளிம்பில் ஊறவைத்துச் சுருட்டி எடுக்கலாம். இதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், தலைச்சுற்றலையும் தரும். வளவில் திறந்த வானத்தின் கீழ் செய்ய வேண்டிய வேலையை மூடிய அறைக்குள் விசிறி போட்டுக்கொண்டு செய்யக்கூடாது. அருகில் அடுப்பும் விளக்கும் கூடாது.

பள்ளிக் கண்காட்சிக்குத் தெர்மகோலில் கோபுரம் செய்யும் மாணவர் யாராவது இதைப் படித்தால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். இந்த ரப்பர்ப் பசையும் உடனடிப் பசையும் தெர்மகோலை அரித்துக் குழியாக்கிவிடும். வெள்ளைப் பசையும் குண்டூசியும் ஓர் இரவுக் காத்திருப்புமே அதற்கு வழி.

பிவிசி குழாய்க்குப் போடும் சால்வென்ட் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுபோலத் தோன்றினாலும் செய்யும் வேலை வேறு. அது குழாயின் மேற்பரப்பையே கரைத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிவிடுகிறது. பிறகு அங்கே பசை என்று தனியாக ஒன்று இல்லாததால் பிரிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, அறுக்கத்தான் வேண்டும். அக்ரிலிக் தகடுகளுக்குக் குளோரோஃபார்ம் தொட்டு ஒட்டுவதும் இப்படியே. அதன் ஆவி தீங்கானது என்பதால், தொடக்க நிலையில் இருப்பவர் அந்த வேலையைப் பழகிய கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம்.

சூடு ஆறி இறுகுபவை

குளூ கன்னில் செருகும் மெழுகுவர்த்தி போன்ற குச்சி, உருகி வழிந்து, ஆறியதும் இறுகுகிறது. ஆறுவது மட்டுமே நடப்பதால் மறுபடி சூடாக்கினால் இளகிவிடும். விளிம்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு விட்டு அரை நிமிடம் கழித்துத் தூக்கினால், வழவழப்பான பரப்பிலிருந்து கட்டியாகவே கழன்று வரும். எனக்குத் தெரிந்த வரையில் பசை நீக்கும் வேலைகளில் இவ்வளவு சுலபமானது வேறில்லை. கொலுப் படியில் அலங்காரத்தைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கு, பிற பசை காயும்வரை பாகங்களைப் பிடித்துவைப்பதற்கு இது மிகவும் உதவும். நிரந்தர வேலைக்கு உதவாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த பொருளில் இது தானாகவே விட்டுவிடும்.

பனையோலையால் முடைந்த கூடையான கொட்டானின் விளிம்பு பிரிந்தால் பலர் இந்தச் சூட்டுப் பசையை வைக்கிறார்கள். ஓலையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. கொட்டானோ எடுக்கும்போதெல்லாம் வளையும். கட்டியாக இறுகும் பசை அதில் நிற்காது, அழகையும் கெடுத்துவிடும். கொட்டானுக்கு ஊசியும் நூலும்தான் மருந்து.

வேதிமாற்றத்தால் இறுகுபவை

இதுவரை சொன்னவற்றில் எதுவோ ஒன்று விலகிப்போவதால் அல்லது ஆறுவதால் பசை இறுகியது. இனி வருபவற்றில் பசையே வேறு பொருளாக மாறுகிறது. செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்களில் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மீண்டும் சுண்ணக்கல்லாகிறது. பூசிய குழம்புக்கும் இறுகிய சுவருக்கும் இடையே ஒரு வேதிவினை நடந்திருப்பதால், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சுவர் குழம்பாகத் திரும்பாது. உடனடிப் பசை, எபாக்சி, சிலிக்கோன் ஆகிய மூன்றும் இப்படிப்பட்டவை.

உடனடிப் பசையின் வேதிப் பெயர் சயனோ அக்ரிலேட். அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஹாரி கூவர் 1942இல் துப்பாக்கிக் குறிபார்ப்புக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தேடியபோது இதைக் கண்டார். தொட்டதில் எல்லாம் ஒட்டுகிறது என்று ஒதுக்கிவைத்தார். 1951இல் மறுபடி இதன் அருமை உணரப்பட்டு, 1958இல் விற்பனைக்கு வந்தது. இதை இறுகச் செய்வது பரப்புகளின் மேல் எப்போதும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரம். அந்த ஈரம் தொட்டதும் பசையின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கைகோத்துச் சங்கிலியாகின்றன. படலம் மெல்லியதாக இருந்தால்தான் ஈரம் எல்லா இடத்திலும் எட்டும். ஆகவே இடைவெளியே இல்லாமல் பொருந்தும் சிறிய பாகங்களுக்கு ஒரு சொட்டுப் போதும், மூன்று சொட்டு விட்டால் பிடிப்புக் குறையும். மிஞ்சிய பசையின் ஆவி அருகில் படிந்துதான் வெள்ளை பூக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது இந்தப் பூப்பு அதிகமாகத் தெரியும். திறக்காத குப்பியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நீண்ட நாள் இருக்கும். எடுத்த உடனே திறக்காமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த குப்பிக்குள் ஈரம் படிந்து பசை கெட்டுவிடும்.

இறுகிய உடனடிப் பசை கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. அடி, உரிப்பு, வளைவு மூன்றையும் தாங்காது. மரத்தின் இயல்பான அமிலத்தன்மை இதன் வினையைத் தாமதப்படுத்துவதோடு, பருவந்தோறும் மரம் விரிந்து சுருங்குவதற்கும் இது இணங்காது. என் கைப்பெட்டி விட்டுப்போனதன் காரணம் இதுவே. கண்ணாடியில் தொடக்கத்தில் வலிமையாகப் பிடித்தாலும் ஈரத்தில் நாளடைவில் விட்டுவிடும். பீங்கான் கோப்பையின் கைப்பிடியில் வெந்நீரின் சூடு தளர்த்தும்.

இதை நீக்குவதற்கு அசிட்டோன். நகப்பூச்சு நீக்கிகளில் பலவற்றில் அது இருக்கும். அசிட்டோன் அற்றது என்று அச்சிட்டவற்றால் பயனில்லை. அசிட்டோன் இறுகிய பசையைச் சர்க்கரை கரைவதுபோலக் கரைத்துவிடாது; முதலில் உப்பவைத்து மென்மையாக்கும். பஞ்சில் நனைத்து மேலே வைத்து, ஆவியாகாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி, சில நிமிடம் விட்டு, மரக்குச்சியால் சுரண்டி, இதையே பலமுறை செய்ய வேண்டும். விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். கண்ணில் பட்டால் இமையைப் பிரிக்க முயலாமல் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். பருத்தித் துணியின் மேல் இந்தப் பசையை அதிகமாகக் கொட்டினால் வினை மிக வேகமாக நடந்து தோல் சுடும் அளவுக்குச் சூடேறும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யக்கூடாது.

எபாக்சி இரண்டு குழாய்களில் வரும். அரால்டைட் என்று கேட்டால் கடையில் தருவார்கள். குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்-சீலும் இதன் மாவு வடிவமே. ரெசினும் ஹார்டனரும் கலந்தவுடன் வினை தொடங்கி, ஈரமோ காற்றோ தேவைப்படாமல் உள்ளிருந்தே இறுகுவதால், இடைவெளியை நிரப்ப இதைவிட ஏற்றது இல்லை. உலோகம், கல், கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றுக்கு இதுவே என் முதல் தேர்வு. சீக்கிரம் இறுக வேண்டுமென்று ஹார்டனரைக் கூட்டுவது பலர் செய்யும் பிழை. இரண்டும் சொல்லப்பட்ட விகிதத்தில்தான் வினைபுரியும். கூடியது வினையில் சேராமல் உள்ளேயே தங்கி இணைப்பைப் பிசுபிசுப்பாக்கும். விரைவு வேண்டுமானால் பொருளை வெயிலில் சற்று வைப்பது போதும். கலவையைக் கிண்ணத்தில் குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே விரைந்து இறுகிவிடும், அட்டையில் மெல்லியதாகப் பரப்பி வைத்தால் கைக்கு நேரம் கிடைக்கும். கையில் படாமல் நைட்ரைல் கையுறை அணிய வேண்டும்; அடிக்கடி படுகிறவர்களுக்கு நாளடைவில் தோல் ஒவ்வாமை வரக்கூடும்.

இறுகாத எபாக்சியை ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம். இறுகியதைக் கரைக்க வீட்டில் எதுவும் இல்லை. ஆனால் வீட்டு உபயோக எபாக்சிகள் பலவும் கொதிநீரின் வெப்பத்தை ஒட்டி மென்மையாகும். தவறாக ஒட்டிய பீங்கானைக் குளிர்ந்த நீரில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றி, இளகியதும் பிரிக்கலாம். நேராகக் கொதிநீரில் போட்டால் பீங்கான் விரிசல் விடும். ஒருபோதும் பிரிக்கத் தேவைப்படாது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் எபாக்சி போடுவது நல்லது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

சிலிக்கோனில் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. குழாயைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால், அது காற்றின் ஈரத்தில் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. கண்ணாடித் தொட்டிக்கு அது சரி. ஆத்தங்குடிக் கல்லுக்கும் பளிங்குக்கும் சரியில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிச் சிமென்ட்டால் வார்க்கப்படும் அந்தக் கல்லில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் அமிலம் அதைத் தின்னும், பிடிப்பும் நிற்காது. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சையும் அது கருக்கச் செய்யும். ஆத்தங்குடிக் கல்லைப் பதித்து ஒரு சிறு மேசை செய்ய விரும்பினால், நடுநிலை வகைச் சிலிக்கோன் என்று கேட்டு வாங்குங்கள். மரம் பருவத்துக்கு விரியும், கல் விரியாது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் போல நெகிழும் படலம் இருந்தால்தான் கல் வெடிக்காது. இறுகிய சிலிக்கோனைக் கத்தியால் சீவித்தான் எடுக்க வேண்டும். அதன் மெல்லிய மிச்சம் இருக்கும் இடத்தில் வேறெந்தப் பசையும் பிடிக்காது என்பதால் அரைகுறையாகச் சீவிவிட்டு அடுத்த வேலைக்குப் போகக்கூடாது.

பிரிக்கும்போது காப்பாற்ற வேண்டியது பொருளை

பசையை நீக்க வல்லது எது என்பதோடு, அந்தப் பொருள் எதைத் தாங்கும் என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். அசிட்டோன் உடனடிப் பசையை இளக்கும். மரத்தின் பாலிஷையும், அக்ரிலிக்கையும், தெர்மகோலையும் அதைவிட வேகமாக அழித்துவிடும். வினிகர் வெள்ளைப் பசைக்கு உதவும். ஆத்தங்குடிக் கல்லின் மேல் வழிந்தால் மினுக்கத்தை அரித்துவிடும். பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பாத்திரங்களின் மேல் எந்தக் கரைப்பானையும் வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. ஆகவே கண்ணுக்குப் படாத அடிப்பகுதியில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்த பிறகே முன்பக்கத்தைத் தொட வேண்டும். மென்மையானதிலிருந்து தொடங்கி, பயன் இல்லையென்றால் மட்டும் அடுத்த படிக்கு ஏறுவது முறை: வெறும் ஈரம், பிறகு வெந்நீர், சோப்பு, எண்ணெய், ஸ்பிரிட், கடைசியாகவே அசிட்டோனும் தின்னரும். சுரண்டுவதற்கும் மூங்கில் குச்சி முதலில், இரும்பு கடைசியில்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குகளும் கிண்ணங்களும் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எதிர்கொள்வது ஸ்டிக்கர் பிசுக்கு. ஸ்டிக்கரின் பசை இறுகுவதே இல்லை. என்றும் பிசுபிசுப்பாக இருப்பதுதான் அதன் வேலை. தேங்காய் எண்ணெயைத் தடவி அரை மணி விட்டால் எண்ணெய் அந்தப் பிசுக்கோடு கலந்து பிடிப்பைக் குலைக்கும். துணியால் உருட்டி எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிய கண்ணாடிப் பூச்சு என்பதால் எண்ணெயும் ஸ்பிரிட்டும் அதை ஒன்றும் செய்யாது, கத்தி முனைதான் கீறும். மரத்திலும் காகிதத்திலும் எண்ணெய் வைத்தியம் கூடாது, கறை நிற்கும்.

உடைந்த மண் பொம்மைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. ஐயனார் கோயில் புரவிகளைப் போலச் சிறிய அளவில் செய்யப்படும் சுடுமண் குதிரைகளை வாங்கி வைக்காத வீடு இங்கே குறைவு. காது உடையாத குதிரையும் குறைவு. முதலில் பசையே இல்லாமல் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, எதன் பின் எதை ஒட்டுவது என்ற வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வரிசை தவறினால் கடைசித் துண்டு உள்ளே நுழையாது. உடைந்த பரப்பின் தூசியைத் தூரிகையால் தட்டி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசிக் காயவிட வேண்டும். சுட்ட மண் அதைக் குடித்துக்கொண்டு, அடுத்துப் போடும் பசையை உள்ளிழுக்காமல் விடும். பிறகு கெட்டியான வெள்ளைப் பசையால் ஒட்டி, ஒரு தட்டில் ஆற்று மணல் நிரப்பி, துண்டின் எடை இணைப்பின் மேல் நேராக இறங்கும் கோணத்தில் பொம்மையை மணலில் புதைத்து நிறுத்தினால், கையால் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அருங்காட்சியகங்களில் பானை ஓடுகளை ஒட்டுகிறவர்களும் மணல் தட்டைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் விரும்பும் பசை பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் ரெசின். அசிட்டோனில் கரைத்துப் போடுவார்கள், பின்னாளில் அசிட்டோனாலேயே பிரித்துவிடுவார்கள். பின்னால் வருகிறவர் இன்னும் நன்றாகச் செய்யக்கூடும் என்பதற்காக இன்றைய வேலையைப் பிரிக்கும்படி வைத்திருப்பது அந்தத் துறையின் விதி. பெரிய விலை பெறாத நம் வீட்டுப் பொருளுக்கும் அந்த விதியைக் கடைப்பிடிக்கலாம் என்று நினைக்கிறேன்.

என் கைப்பெட்டியின் மூலையைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு, மரத்தின் உள்ளே இறங்கிவிட்ட பசையை முழுவதும் எடுக்க முடியாததால், ஆசாரி உளியால் அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கனத்துக்கு இழைத்து, புதுத் தேக்கில் ஒரு மெல்லிய சீவலை வைத்து வச்சிரத்தால் ஒட்டினார். மூடிக்கு உள்பக்கம் இன்ன மூலையில் வச்சிரம் என்று தேதியோடு பென்சிலால் எழுதச் சொன்னார். இப்போது எதைப் பழுது பார்த்தாலும் அதன் அடியில் பசையின் பெயரையும் நாளையும் எழுதி வைக்கிறேன். மண் குதிரையின் வயிற்றில் எழுத ஒரு மூன்றாம் எண் தூரிகையும் சிறிது கறுப்பு மையும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.